விட்டால் விழுகிற கை

போன மாதம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் உங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு கிழவர் வந்தார். வலது தோளில் வலி, தலை வார முடியவில்லை, சட்டை மாட்ட முடியவில்லை என்று புலம்பினார். உங்களில் ஒருத்தி அவரை உட்கார வைத்து, கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். பெயரைச் சொல்லிக் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

"தாத்தா, நான் தூக்கினா காது வரைக்கும் அழகா போகுதே. நீங்க தூக்கினா மட்டும் ஏன் போகல? சும்மா பயப்படுறீங்க லா" என்றாள்.

அந்தக் கிழவர் சிரித்துவிட்டார். குட்டு வெளிப்பட்டதால் சிரிக்கிறார் என்று அவள் நினைத்திருப்பாள். அந்தக் கிழவர் நான்தான். நான் சிரித்தது வேறு காரணத்துக்காக. அவள் சொன்ன அதே வார்த்தைகளை, ஐம்பது வருஷத்துக்கு முன்னால், நான் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு தோட்டமே கூடி நின்ற இடத்தில்.

பத்து நிமிஷத்தில் தன் தவறை அவளே கண்டுபிடித்தாள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆனது. கதையைச் சொன்னதும், "புதுசா சேர்ந்தவங்களுக்கு இத எழுதிக் குடுங்க தாத்தா" என்றாள். அதனால் எழுதுகிறேன். தோளுக்கு என்னென்ன பயிற்சி, எத்தனை முறை என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒருவரின் கையை நான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்பதை மட்டும்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்ன டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம் வரைக்கும் பார்க்கிறவருக்கு அந்தப் பெயர். வெள்ளைக்காரத் துரை ஓடிப் போயிருந்தார். பெரிய டிரஸ்ஸரை ஜப்பான்காரர்கள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய கிராணிதான் தோட்டத்தை நடத்தினார். இருபத்திரண்டு வயதில் நான் ஒருவனே முழு ஆஸ்பத்திரி. மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து தீர்ந்துவிட்டது. கட்டுத்துணியைத் துவைத்துத் துவைத்து மறுபடியும் கட்டினேன்.

தோட்டத்தில் தினமும் விடியும்போது பெரட்டு நடக்கும். எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்பவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். டிரஸ்ஸர் அவர்களை அங்கேயே பார்த்து, 'ஓய்வு' அல்லது 'வேலைக்கு லாயக்கு' என்று சீட்டு எழுத வேண்டும். நல்ல டிரஸ்ஸர் யார் என்று கேட்டால், நோயைக் குணப்படுத்துகிறவர் என்று ஆபீஸில் சொல்ல மாட்டார்கள். பொய் நோயைப் பிடிக்கிறவர் என்பார்கள். அந்த வித்தையில் நான் புலி. அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சல் வரவழைத்தவனைப் பிடித்திருக்கிறேன். ஒரு காலால் நொண்டி வந்து, மறு காலால் நொண்டித் திரும்பிப் போனவனைப் பிடித்திருக்கிறேன். "நம்ம சின்ன டிரஸ்ஸர்கிட்ட எவனும் வாலாட்ட முடியாது" என்று கிராணி சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

அப்படி ஒரு காலையில் காளிமுத்து ஓரமாக வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஏணி போட்டு உயரத்தில் பால் வெட்டுவதில் கைதேர்ந்தவர். ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு நாளைக்கு முன்பு கிழங்கு மூட்டையோடு கால்வாய் மேல் கிடந்த மரத்தைக் கடக்கும்போது வழுக்கிவிட்டார். விழாமல் இருக்க வலது கையால் ஒரு கிளையைப் பற்ற, உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு கையில் தொங்கியிருக்கிறது. தோளுக்குள்ளே ஏதோ 'டப்'பென்று கேட்டதாம்.

"கையத் தூக்க முடியல டிரஸ்ஸரய்யா" என்றார்.

பார்த்தேன். வீக்கம் இல்லை. எலும்பு முறியவில்லை. தோள் நழுவவும் இல்லை, உருண்டையாக அதன் இடத்திலேயே இருந்தது. கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் கை காதைத் தொட்டது. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அலமாக்! கை பறக்குதே காளிமுத்து! நான் தூக்கினா போகுது, நீ தூக்கினா போகாதா?"

பெரட்டே சிரித்தது. கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காளிமுத்து தரையைப் பார்த்தார். நான் சீட்டில் 'வேலைக்கு லாயக்கு' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் 'நடிப்பு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

இப்போது உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோளில் வெளியே தெரிகிற பெரிய தசைக்கு உள்ளே, நாலு சின்னத் தசைகளின் நார்கள் எலும்புக் குமிழைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ரொட்டேட்டர் கஃப் என்கிறீர்களே, அதுதான். தோள் இறுகிப் போனவரின் கையை அவராலும் தூக்க முடியாது, உங்களாலும் தூக்க முடியாது. இந்த நார் நன்றாகக் கிழிந்தவரின் கையை நீங்கள் சுலபமாகத் தூக்கலாம், அவரால்தான் முடியாது. கிணற்று ராட்டினம் நன்றாகத்தான் சுற்றும். கயிறு அறுந்திருந்தால் வாளி எப்படி மேலே வரும்? நான் ராட்டினத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாளி பொய் சொல்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் பெரட்டு முடிந்ததும் ஜப்பான்காரர்களின் உடற்பயிற்சி நடக்கும். ஒரு சிப்பாய் முன்னால் நின்று எண்ண, எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி இறக்க வேண்டும். காளிமுத்துவின் இடது கை மேலே போகும். வலது தோள் காதை நோக்கி ஏறும், கை மட்டும் இடுப்பருகே நின்றுவிடும். மரியாதைக் குறைவு என்று சிப்பாய் அவரை அறைவான். நான் அதைத் தினமும் பார்த்தேன். பிடிவாதக்காரன், அறை வாங்கியும் நடிக்கிறானே என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை எழுதிவிட்டால் கண்ணும் எழுதினதையே பார்க்கும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆறாவது வாரம் உத்தரவு வந்தது. இப்போது தாய்லாந்து என்கிற சயாமில் ரயில் பாதை வேலைக்குப் பத்து ஆட்கள் வேண்டும், இரண்டு நாளில் லாரி வரும். முன்பு ஒரு கூட்டம் போயிருந்தது. மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்றுதான் அழைத்துப் போனார்கள். ஒரு வருஷம் ஆகியும் ஒருவர் கூடத் திரும்பவில்லை, ஒரு கடிதம் கூட வரவில்லை. வேலைக்கு ஏமாற்றுகிறவர்களை முதலில் அனுப்ப வேண்டும் என்று குளுவாங்கிலிருந்த ஜப்பான் அதிகாரி சொல்லியிருந்தார். கிராணி என் சீட்டுக்கட்டைப் பிரித்தார்.

"காளிமுத்துவப் போட்டுட்டேன். நீதானே எழுதியிருக்க, நடிப்புன்னு" என்றார்.

என் கையெழுத்து என்னைப் பார்த்தது. நல்ல உடம்புக்காரர், சமாளித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைகளுக்கு இந்த மாதிரி சமாதானம் கைவசம் நிறைய இருக்கும்.

மறுநாள் மத்தியானம் காளிமுத்துவின் மனைவி அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், கால் முழுக்க மண். அழுவாள், காலில் விழுவாள், என்ன பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் தயாரானேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"டிரஸ்ஸரய்யா, கட்டுத்துணி ஓரத்துல ஒரு முழம் கிழிச்சுக் குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

மடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினாள். காளிமுத்துவின் சட்டை. வலது பக்கம் அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை, கையின் தையல் வழியாகவும், கத்தரியால் வெட்டியிருந்தாள். வெட்டிய ஓரங்களை மடித்து அழகாகத் தைத்தும் இருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி கிடைக்காமல் ஜனங்கள் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. கல்யாணத்துக்குப் போக ஒரே சட்டையை மூன்று வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நல்ல சட்டையில் ஒருத்தி கத்தரி வைப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"நல்ல சட்டைய ஏன் வெட்டின?"

"கைதான் மேல போகலையே. ஆறு வாரமா நான்தான் மாட்டி விடுறேன். இங்கன்னா நான் இருக்கேன். அங்க யாரு இருக்கா? நாடா வெச்சுட்டா ஒத்தக் கையால கட்டிக்குவாரு."

அவ்வளவுதான் சொன்னாள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். புருஷன் சயாமுக்குப் போகத்தான் போகிறான் என்று முடிவு செய்து, அவன் சட்டைக்கு நாடா தேடிக்கொண்டிருந்தாள். பெரட்டில் நடிக்கலாம். சிப்பாய் முன்னால் நடிக்கலாம். வீட்டுக்குள் பெண்டாட்டி முன்னால் ஆறு வாரம் நடித்து, இருக்கிற ஒரே சட்டையை வெட்ட வைப்பவன் உலகத்தில் உண்டா? எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

இரண்டு முழம் கிழித்துக் கொடுத்தேன். பிறகு அவளோடேயே, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு நடந்தேன்.

காளிமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் முதல் முறையாக அவரை 'நீங்க' என்று சொன்னேன்.

"சட்டையக் கழட்டுங்க. பின்னால இருந்து பாக்கணும்."

ஆறு வாரத்துக்கு முன் நான் முன்னால் நின்று பார்த்தேன். பின்னால் போய் நின்றால்தானே தோள்பட்டை எலும்பு தெரியும். இடது பக்கம் எலும்புக்கு மேலே சதை நிறைந்திருந்தது. வலது பக்கம் அதே இடத்தில் விரலை வைத்தால் குழி. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, "அப்படியே வெச்சிருங்க" என்று சொல்லி என் பிடியை எடுத்தேன். கை தொப்பென்று விழுந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, என் கையை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னேன். குழந்தை தள்ளுகிற பலம்கூட இல்லை.

"அன்னைக்கே இதெல்லாம் சொல்லியிருக்கலாமே" என்றேன். என்ன திமிர் பாருங்கள், அப்போதும் குற்றம் அவர் மேல்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க சிரிச்சீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னத்தச் சொல்றது" என்றார்.

கிராணியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"பேரு மேல போயிடுச்சு. இப்ப மாத்திச் சொன்னா, அவனக் காப்பாத்த நீ பொய் சொல்றேன்னுதான் ஜப்பான்காரன் நினைப்பான். உன்னையும் சேத்து லாரில ஏத்திடுவான். பேசாம இரு" என்றார்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது. அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், மலாய் கொஞ்சம் பேசுவார். பத்துப் பேரும் மூட்டையோடு நின்றார்கள். காளிமுத்துவின் சட்டைப் பக்கவாட்டில் என் கட்டுத்துணி நாடாவாகத் தொங்கியது. நான் வரிசையை விட்டு வெளியே வந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். கெஞ்சக் கூடாது, மனைவி மக்கள் என்று இழுக்கக் கூடாது, கெஞ்சினால் பொய் என்றாகிவிடும், உடம்பை மட்டும் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

"சாயா சாலா, துவான்" என்றேன். நான் தவறு செய்துவிட்டேன், ஐயா. உடைந்த மலாயில் மற்றதையும் சொன்னேன். நடிப்பு என்று எழுதியது தப்பு, தோளுக்குள் நார் அறுந்திருக்கிறது, இந்தக் கையால் மண்வெட்டி தூக்க முடியாது.

காளிமுத்துவின் கையைத் தூக்கினேன், விட்டேன், விழுந்தது. அதிகாரி என்னைத் தள்ளிவிட்டுத் தானே தூக்கி விட்டுப் பார்த்தார். மூன்று தடவை. மூன்று தடவையும் விழுந்தது. அவர் சிரித்தார். தன் கையைத் தூக்கித் தொப்பென்று போட்டுக் காட்டினார். யாருக்குத்தான் கையை விழவிடத் தெரியாது என்று கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். அது எனக்கு அந்த நொடிதான் உறைத்தது. நான் சிரித்த சிரிப்பும் அவர் சிரித்த சிரிப்பும் ஒன்றே. இனி குழியைக் காட்ட வேண்டும், சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள், அதிகாரி திடீரென்று கையை ஓங்கிக்கொண்டு காளிமுத்துவின் முகத்தை நோக்கிப் பாய்ந்தார்.

காளிமுத்துவின் இடது கை மின்னலாக முகத்துக்கு முன்னால் வந்தது. வலது தோள் காது வரை எகிறியது, முழங்கை துடித்தது, கை மட்டும் இடுப்பருகே நின்றது. யோசித்து நடிக்க நேரமே இல்லாத பயம். அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் அந்த வலது கையையே பார்த்தார். நான் மெதுவாக நாடாவை அவிழ்த்து, சட்டையை விலக்கி, தோள்பட்டைக் குழியைக் காட்டினேன். அவரே விரலை வைத்துப் பார்த்தார்.

"யார் எழுதினது?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான், துவான்."

வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று. "போடோ!" என்றார். மலாயில் முட்டாள் என்று அர்த்தம். பிறகு பென்சிலை எடுத்துப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். ஜப்பான்காரர்களிடம் நான் வாங்கிய அறைகளில் சந்தோஷமாக வாங்கியவை அந்த இரண்டும்தான். நான் முட்டாள் என்பதிலும் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

லாரி ஒன்பது பேரோடு போனது. குறைந்த ஓர் ஆளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஏற்றிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. அவரை இப்போதும் சில நாள் நினைத்துக்கொள்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வேலையிலேயே எனக்குப் பிடித்த நாட்கள். அறுந்த நாரைத் தைக்க அங்கே ஆளும் இல்லை, கருவியும் இல்லை. மீதியிருக்கும் தசைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு வட்டம் போடச் சொன்னேன். உத்தரத்தில் கயிறு போட்டு, இடது கையால் இழுத்து வலது கையை ஏற்றச் சொன்னேன். சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறச் சொன்னேன். ஏறிய இடத்தில் அஞ்சலை அடுப்புக்கரியால் கோடு போடுவாள். "நேத்தைய கோட்டத் தாண்டலன்னா மரவள்ளிக்கு உப்பு கிடையாது" என்று அவள் மிரட்டுவது பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும். பத்து நாளைக்கு ஒரு விரல்கடை ஏறும். சில வாரம் ஏறவே ஏறாது. நான் அவசரப்பட்டு ஒரு தடவை பாரம் தூக்கச் சொல்லி, இரண்டு வாரம் பின்னால் போனோம். அந்தத் திட்டும் அஞ்சலையிடம்தான் வாங்கினேன். பெரட்டுப் பயிற்சியில் காளிமுத்துவைக் கடைசி வரிசையில் நிறுத்தினார் கிராணி. சிப்பாயின் எண்ணிக்கைக்குப் பாதிக் கையை அவர் தூக்குவார், யாரும் கேட்கவில்லை. பெரட்டில் நானும் மாறிவிட்டேன். ஓரமாக வந்து நிற்கிறவர் பேசி முடிக்கிற வரைக்கும் பென்சிலைக் காதில் செருகி வைத்துக்கொள்ளப் பழகினேன். ஒன்றிரண்டு வெங்காயக்காரர்கள் என்னை ஏமாற்றியிருப்பார்கள். ஏமாற்றிவிட்டுப் போகட்டும்.

ஜப்பான்காரர்கள் போனார்கள். கடைகளில் மெல்ல மெல்லத் துணி வந்தது. ஒரு காலையில் காளிமுத்துவும் அஞ்சலையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர் போட்டிருந்தது புதுச் சட்டை, இரண்டு பக்கமும் முழுசாகத் தைத்தது. அஞ்சலை மடியிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். துவைத்து, தையல் பிரித்து, ஒழுங்காகச் சுருட்டிய கட்டுத்துணி.

"உங்க ரெண்டு முழம். எண்ணிப் பாத்துக்குங்க" என்று சிரித்தாள்.

"சட்டைய யாரு மாட்டி விட்டா?" என்று கேட்டேன்.

"நானேதான்" என்றார் காளிமுத்து. சொல்லிவிட்டு வலது கையை மெதுவாக, பக்கவாட்டில், ஒவ்வொரு விரல்கடையாகத் தூக்கத் தொடங்கினார். தோள் கொஞ்சம் கோணியது, நெற்றியில் வியர்த்தது, ஆனால் கை ஏறியது. தோள் உயரத்தைத் தாண்டியதும் என் கை தானாக அதற்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. விட்டால் விழுகிற கை என்றே அதுநாள் வரை எனக்குப் பழக்கம்.

"விடுங்க டிரஸ்ஸரய்யா" என்றார் அவர்.

விட்டேன். நின்றது.